உப்பில்லாத் தண்ணீரும் ஓயாத கப்பல்களும்

கடலில் ஓடும் சரக்குக் கப்பலின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். நன்றாகப் பராமரித்தால் 30. அதன்பின் குஜராத்தின் அலாங் கரையிலோ வங்கதேசத்தின் சிட்டகாங் கரையிலோ வேண்டுமென்றே தரைதட்ட ஓட்டி, துண்டு துண்டாக வெட்டி, இரும்பு விலைக்கு விற்றுவிடுகிறார்கள். வட அமெரிக்காவின் பேரேரிகளில் இந்தக் கணக்கு எடுபடுவதில்லை. 1942-இல் 'லியான் ஃபிரேசர்' என்ற பெயரோடு இரும்புத்தாது சுமக்க இறங்கிய கப்பல் ஒன்று, 'அல்பீனா' என்று பெயர் மாறி, நடுவுடலில் 120 அடியை வெட்டியெடுத்து நீளம் குறைக்கப்பட்டு, நீராவிச் சுழலியின் பலத்திலேயே சிமென்ட் சுமந்து வந்திருக்கிறது. 1975 நவம்பர் 10 இரவு சுப்பீரியர் ஏரியில் 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' 29 பேரோடு மூழ்கியபோது அதன் பின்னால் வந்துகொண்டிருந்த 'ஆர்தர் எம். ஆண்டர்சன்' 1952-இல் கட்டப்பட்டது. சில ஆண்டுகள் சும்மா கட்டிக்கிடந்துவிட்டு 2019-இல் மறுபடி வேலைக்குத் திரும்பியது. அதே 1952-இல் நீரில் இறங்கிய 'பேட்ஜர்' மிச்சிகன் ஏரியின் குறுக்கே கார்களையும் பயணிகளையும் நிலக்கரி எரித்தே கொண்டுபோகிறது. மற்ற நாடுகளின் ஏரிகளைப் பார்த்தால் இவையெல்லாம் இளவட்டங்கள். நார்வேயின் மியோசா ஏரியில் ஓடும் துடுப்புச்சக்கரக் கப்பல் 'ஸ்கிப்லாட்னர்' 1856-இல் பிறந்தது. கனடாவின் மஸ்கோகா ஏரியில் ஓடும் 'செக்வுன்' கப்பலுக்கு 1887-இன் இரும்புக் கூடு.

ஏன் இப்படி என்று கேட்டால் ஏரிக்கரையில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: நன்னீர் இரும்பைத் தின்னாது. தவறான பதில் அல்ல. ஆனால் பாதிப் பதில். ஒரு கப்பல் எவ்வளவு காலம் வாழ முடியும் என்பதற்குத்தான் தண்ணீரின் வேதியியல் மேல் எல்லை போடுகிறது. அந்த எல்லைவரை அது வாழ விடப்படுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: ஏரி எவ்வளவு மூடிக்கிடக்கிறது, அதன் வாசலின் அகலம் என்ன, புதுக் கப்பலை யார் எங்கே கட்டலாம் என்று சட்டம் சொல்கிறது என்பவை. கப்பலின் உடலும் அதன் நீராவி எந்திரமும் ஒரே காரணத்தால் பிழைப்பதுமில்லை. தண்ணீரின் வேதியியல், கப்பலை வாழ விடும் முடிவு, எந்திரத்தின் கதை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் 'நன்னீரின் அற்புதம்' என்ற கதை இவ்வளவு சுலபமாகப் பரவுகிறது.

முதலில் வேதியியலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். துரு என்பது அடிப்படையில் ஒரு மின்சுற்று. எஃகுத் தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. இன்னோரிடத்தில் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே போகும். சுற்று முழுமையாக வேண்டுமானால் நீருக்குள்ளும் மின்னூட்டம் நகர வேண்டும். அந்த வேலையைச் செய்பவை நீரில் இருக்கும் அயனிகள். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அது தாராளமாக மின்சாரம் கடத்தும். சுப்பீரியர் ஏரியின் நீர் அதில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்குதான் கடத்துகிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது அடுக்களைக்குச் சரி. கப்பலைக் குப்பைக்கு அனுப்புவது உப்புதான். ஆனால் கடத்துதிறன் ஐந்நூறு மடங்கு குறைந்தால் துருவும் ஐந்நூறு மடங்கு குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. துருவின் வேகத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது ஆக்சிஜனின் வரத்து. குளிர்ந்த நன்னீரில் ஆக்சிஜன் கடல்நீரில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கரைந்திருக்கிறது. பூச்சில்லாத சாதாரண எஃகு கடல்நீரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேய்கிறது. நன்னீரில் பொதுவாக அதில் பாதி, அல்லது இன்னும் குறைவு. சராசரியாகப் பார்த்தால் வேறுபாடு அவ்வளவுதான்.

அப்படியானால் உப்பு செய்யும் பெருங்கேடு எது? அது தேய்மானத்தை ஓரிடத்தில் குவிக்கிறது. குளோரைடு அயனிகள் துருவின் அடியில் புகுந்து, எஃகின் மேல் உருவாகும் காப்புப் படலத்தைக் குலைத்து, குழிகளைத் தோண்டுகின்றன. 20 மில்லிமீட்டர் தகடு முழுவதும் ஒரு மில்லிமீட்டர் மெலிந்தால் யாருக்கும் கவலையில்லை. அதே அளவு இரும்பு நூறு குழிகளிலிருந்து மட்டும் போனால் கப்பலில் ஓட்டை விழும். நன்கு மின்சாரம் கடத்தும் நீரில் வெண்கலப் புரொப்பெல்லர் பல மீட்டர் தள்ளியிருக்கும் எஃகுத் தகட்டையும் அரித்துவிடும். நன்னீரில் அதன் கை அவ்வளவு தூரம் நீளாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று கப்பலுக்குள்ளேயே இருக்கிறது. சரக்கில்லாத பயணத்தில் கப்பல் நிலையாக நிற்க அடித்தொட்டிகளில் நீரை நிரப்பிக்கொள்ளும். கடற்கப்பல் உப்புநீரை வயிற்றில் சுமந்து, கொட்டி, ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் அந்த இருட்டறைகளில் உள்ளிருந்தே உளுத்துப்போகிறது. பல கடற்கப்பல்களை உடைப்புக் கரைக்கு அனுப்பும் நோய் அதுதான். ஏரிக் கப்பல் நிரப்பிக்கொள்வது ஏரித் தண்ணீரை. கடற்கப்பலை 5 ஆண்டுகளில் இருமுறை உலர்துறையில் ஏற்றிச் சோதிக்கச் சொல்லும் அமெரிக்க விதிகள், நன்னீரிலேயே ஓடும் சரக்குக் கப்பலுக்கு 5 ஆண்டுகளில் ஒருமுறை போதும் என்கின்றன. கொட்டலசும் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவும் அங்கே இல்லை. குளிர்காலத்தில் சுப்பீரியர், ஹியூரன் ஏரிகளை இணைக்கும் சூ நீர்ப்பூட்டுகள் ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடப்படுவதால், ஆண்டுதோறும் பத்து வாரம் பழுது பார்க்க ஓய்வும் கிடைக்கிறது.

இதற்கு ஆப்பிரிக்காவில், யாரும் திட்டமிடாமலே, ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1913-இல் ஜெர்மனியின் பாப்பன்பூர்க் நகரத்தில் மேயர் கப்பல்தளம் 'கிராஃப் ஃபொன் கோட்சன்' என்ற நீராவிக் கப்பலைக் கட்டி, மறுபடி பிரித்து, ஆயிரக்கணக்கான பெட்டிகளில் அடைத்து அனுப்பியது. தார் எஸ் சலாமில் இறங்கி, ரயிலில் கிகோமாவரை போய், டாங்கனிக்கா ஏரிக்கரையில் மீண்டும் பூட்டப்பட்டு 1915-இல் நீரில் இறங்கியது. மறு ஆண்டே போர் நெருங்கி வர, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். என்றாவது திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் எந்திரங்களுக்குக் கெட்டியாக மசகுக் கொழுப்பைப் பூசிவிட்டு மூழ்கடித்தார்கள். பெல்ஜியர்கள் அதைத் தூக்கினார்கள்; புயலில் அது திரும்ப மூழ்கியது. 1924-இல் பிரிட்டிஷார் மீண்டும் தூக்கிப் பார்த்தபோது எந்திரமும் கொதிகலனும் பழுதுபார்த்து ஓட்டக்கூடிய நிலையில் இருந்தன. 1927-இல் 'லியம்பா' என்று புதுப் பெயர் பெற்ற அந்தக் கப்பல் 1970-கள்வரை அதே நீராவியில் ஓடி, பிறகு டீசலுக்கு மாறி, நூறு வயதைத் தாண்டியும் ஏரியில் பயணிகளை ஏற்றியது. கடலடியில் இத்தனை ஆண்டுகள் கிடந்த எந்திரத்தைப் பற்றி யாரும் இப்படி எழுத வாய்ப்பில்லை. ஆனால் இந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். எந்திரத்தைக் காத்ததில் கொழுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. டாங்கனிக்காவின் நீரும் சாதாரண நன்னீர் அல்ல. காரத்தன்மை மிகுந்தது, காரநீரில் எஃகு மெதுவாகத்தான் அரிக்கப்படும். 'நன்னீர்' என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது பல வேறு வேதியியல்களின் கூட்டம்.

அது வெறும் நுணுக்கம் பேசுவதல்ல என்பதற்கு டுலூத் துறைமுகம் சாட்சி. சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் இந்தத் துறைமுகத்தில், 1990-களின் இறுதியில், கரைச்சுவர்களாக அடித்திருந்த எஃகுத் தகடுகள் நன்னீருக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் அரிக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சில அடி உயரமுள்ள பட்டையில், ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள்; கொப்புளத்தைச் சுரண்டினால் அடியில் ஆழமான குழி. ஆய்வாளர்களின் விரல் நுண்ணுயிரிகளின் பக்கம் நீண்டது: இரும்பை ஆக்சிஜனேற்றி வாழும் பாக்டீரியாக்கள் கொப்புளத்தைக் கட்ட, அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் குடியேறி எஃகை அரிக்கின்றன. பனிக்கட்டி உரசி அந்த மேல்தோலைப் பிய்க்கும்போது புது எஃகு வெளிப்பட்டு மறுபடி தொடங்குகிறது. மின்சாரத்தை மிகக் குறைவாகக் கடத்தும் பேரேரியின் கரையிலேயே இது நடக்கிறது. ஆகவே நன்னீர் இரும்பைத் தின்னாது என்ற வாசகத்தை அப்படியே ஏற்க முடியாது. தின்பதை மெதுவாகச் செய்கிறது, சில இடங்களில் மெதுவாகக்கூடச் செய்வதில்லை. கப்பல்கள் இதில் பெரும்பாலும் தப்பிக்கின்றன என்றால், அவை உலர்துறைக்குப் போய் வண்ணம் பூசிக்கொண்டு வருவதால்தான். கரைச்சுவரால் போக முடியாது. பராமரிப்பு என்ற சொல் இங்கே உள்ளே நுழைகிறது. பராமரிப்பு என்றால் பணம், பணம் என்றால் யாரோ ஒருவர் செய்யும் முடிவு.

துருவுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு மரணமும் உண்டு. 1966 நவம்பர் 29 அதிகாலை ஹியூரன் ஏரிப் புயலில் 'டேனியல் ஜே. மாரல்' இரண்டாக முறிந்தது. கப்பலில் இருந்த 29 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். கப்பல் 1906-இல் கட்டப்பட்டது, வயது 60. அதே ஆண்டில் பிறந்த அதன் இணைக் கப்பல் 'எட்வர்ட் ஒய். டவுன்சென்ட்' அதே புயலைக் கடந்து வந்தது. கரை சேர்ந்தபின் அதன் மேல்தளத்தில் விரிசல் ஓடியிருப்பதைப் பார்த்தார்கள். மறுபடி அது சரக்கு ஏற்றவில்லை. 1968-இல் உடைப்பதற்காக ஸ்பெயினுக்கு இழுத்துச் செல்லும் வழியில் அட்லாண்டிக் கடலில் அதுவும் முறிந்து மூழ்கியது. இரண்டையும் கொன்றது துரு அல்ல, எஃகின் பிறவிக் குணம். 1948-க்கு முன் கப்பல்களுக்கு வார்த்த எஃகில் ஒரு குறை உண்டு: குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அது வளைவதற்குப் பதிலாக உடையும். வேனிலில் சற்று வளைந்து கொடுத்துத் தாங்கிக்கொள்ளும் அதே தகட்டில், உறைநிலையை ஒட்டிய நவம்பர் நீரில், ஒரு சிறு கீறல் கண்ணாடியில் ஓடுவதுபோல ஓடிவிடும். ஏரிக் கப்பல்கள் நீளமானவை, ஒல்லியானவை. புயலில் அவற்றின் மேல்தளம் அலை போல நெளிவதை மாலுமிகள் கண்ணால் பார்க்கலாம். நன்னீர் அவற்றைத் துருவிலிருந்து காப்பாற்றி அறுபது வயதுவரை கொண்டுவந்து, நொறுங்கும் எஃகோடு புயலில் விட்டது என்றுகூடச் சொல்லலாம். கடலாக இருந்திருந்தால் மாரல் 1930-களிலேயே பழைய இரும்பாகியிருக்கும். 28 பேர் அதில் ஏறியிருக்க மாட்டார்கள். நீண்ட ஆயுளைக் கொண்டாடுபவர்கள் இந்தக் கணக்கை வசதியாக மறந்துவிடுகிறார்கள். இளமையே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாதுதான். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1958-இல் நீரில் இறங்கியது, மூழ்கும்போது அதற்கு 17 வயது.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வரலாம். நன்னீர்தான் கப்பல்களைக் காக்கிறது என்றால், ஒரே நன்னீரில் ஓடும் கப்பல்கள் ஏறக்குறைய ஒரே ஆயுள் வாழ வேண்டும். வரலாறு அப்படி இல்லை. 1980-களில் அமெரிக்க எஃகுத் தொழில் சரிந்தபோது பேரேரிகளிலிருந்து ஏராளமான கப்பல்கள் உடைப்புக்குப் போயின. அவற்றில் பல இன்னும் ஓடக்கூடியவை; சில கப்பல்களின் கூடு கடல் கடந்து இழுத்துச் செல்லத் தாங்குமளவு நன்றாகவே இருந்தது. கப்பல் சாகவில்லை, அதற்கிருந்த வேலை செத்தது. இதைவிடத் தெளிவான சாட்சி 2010-இல் கிடைத்தது. பேரேரிகளின் ஒரு கரை அமெரிக்கா, மறு கரை கனடா. அமெரிக்கத் துறைமுகம் இரண்டுக்கிடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது 1920-இன் ஜோன்ஸ் சட்டம். கனடாவோ வெளிநாட்டில் கட்டிய கப்பலுக்கு 25 சதவீத இறக்குமதி வரி போட்டு ஏறத்தாழ அதே விளைவை உண்டாக்கி வைத்திருந்தது. 2010-இல் கனடா அந்த வரியை நீக்கியது. உடனே கனடிய நிறுவனங்கள் சீனக் கப்பல்தளங்களில் புதுக் கப்பல்களுக்குச் சொல்லிவிட்டன; 2012, 2013-இல் முதல் கப்பல்கள் ஏரிக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பத்தாண்டுக்குள் கனடாவின் பழைய நீராவிச் சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவை விடைபெற்றன. எதிர்க்கரையில் சட்டம் மாறவில்லை. அங்கே 1942-உம் 1952-உம் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கரையில் 1983-க்குப் பிறகு முதல் புதுச் சரக்குக் கப்பலான 'மார்க் டபிள்யூ. பார்க்கர்' 2022-இல்தான் வந்தது. தண்ணீர் ஒன்று, சட்டம் இரண்டு, ஆயுளும் இரண்டு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கனடியக் கப்பல்கள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியே கீழே இறங்கி உப்புக் கலந்த வளைகுடாவரை போய் வருபவை. அமெரிக்கக் கப்பல்களில் பெரும்பாலானவை மேலேரிகளை விட்டு நகர்வதில்லை. ஆகவே கனடியக் கப்பல்கள் முன்கூட்டியே துருப்பிடித்திருக்கலாமே? பிடித்திருக்கலாம், பிடித்தும் இருக்கிறது. ஆனால் துரு என்பது ஒவ்வொரு கப்பலையும் அதன் அதன் வேகத்தில் அரிப்பது. அது காரணமாக இருந்தால் விடைபெறுதல் இரண்டு மூன்று பத்தாண்டுகளில் பரவி நடந்திருக்க வேண்டும். வரி நீங்கிய சில ஆண்டுகளுக்குள் கூட்டமாக நடந்தது என்பதே, துரு ஏற்கெனவே தயார் செய்து வைத்ததை வரிவிலக்கு முடித்து வைத்தது என்பதைக் காட்டுகிறது. இதோடு வாசலின் அளவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுப்பீரியரிலிருந்து ஹியூரனுக்கு இறங்கும் வழியில் உள்ள போ நீர்ப்பூட்டு 1,200 அடி நீளம். ஆனால் ஈரி ஏரியிலிருந்து ஒன்டாரியோவுக்கு இறங்கும் வெல்லண்ட் கால்வாயில் 740 அடிக்கு மேற்பட்ட கப்பல் நுழையாது. ஆண்டர்சனை 1970-களில் 767 அடியாக நீட்டினார்கள். அன்றிலிருந்து அது மேலேரிகளின் கைதி. வெளியே போய் வேறு சந்தையில் வேலை தேட அதற்கு வழியில்லை; வெளியிலிருந்து பெரிய போட்டியாளன் உள்ளே வரவும் வழியில்லை.

மூடிய நீரின் இந்தக் குணம் தென் அமெரிக்காவின் டிட்டிகாக்கா ஏரியில் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த ஏரிக்காக 1862-இல் இங்கிலாந்தில் 'யவாரி', 'யபுரா' என்று இரண்டு இரும்புக் கப்பல்கள் துண்டுகளாகச் செய்யப்பட்டன. ரயில் எட்டாத இடத்திலிருந்து கோவேறு கழுதைகளும் சுமைகூலிகளும் ஆண்டீஸ் மலை ஏற்றி, யவாரி 1870-இல்தான் நீரில் இறங்கியது. கொதிகலனில் எரித்தது காய்ந்த லாமா சாணத்தை. இவ்வளவு பாடுபட்டு மலையேற்றிய இரும்பை அவ்வளவு எளிதில் யாரும் கழித்துக்கட்ட மாட்டார்கள். மாற்றுக் கப்பலுக்கும் அதே பாடு. யபுரா பின்னர் பெருவின் கடற்படையில் 'பூனோ' என்ற பெயரில் மருத்துவக் கப்பலானது. ஆனால் தனிமையும் முழுக் காப்பு அல்ல. அதே ஏரியில் 1905-இல் வந்த 'இன்கா' 1994-இல் உடைக்கப்பட்டது. யவாரியின் வரலாற்றில் நமக்கு வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது: 1914-இல் அதன் நீராவி எந்திரத்தைக் கழற்றிவிட்டு, சுவீடனின் போலிண்டர் எண்ணெய் எந்திரத்தைப் பொருத்தினார்கள். கூடு நிலைத்தது, நீராவி போயிற்று. லியம்பாவுக்கும் அதே கதை.

ஆகவே நீராவி ஏன் சில இடங்களில் மட்டும் தங்கியது என்பது தனிக் கேள்வி. சில கப்பல்களின் பழைய நீராவிச் சுழலி எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைக்கூட உந்துவிசையாக மாற்றுவதில்லை. நல்ல டீசல் எந்திரம் நாற்பது சதவீதத்தைத் தாண்டும். வெறும் எரிபொருள் கணக்கில் நீராவி எப்போதோ தோற்றுவிட்டது. தாக்குப்பிடித்ததற்கு முதல் காரணம், எந்திரம் மாற்றுவதற்கு ஆகும் பெருந்தொகையை எரிபொருள் மிச்சத்தில் மீட்க ஆண்டுகள் பிடிக்கும் என்பது. ஆண்டில் பத்து மாதமே ஓடும் கப்பலுக்கு இன்னும் அதிகம். இரண்டாவது காரணம் மறுபடி சட்டம். 2009-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கப்பல் எரிபொருளில் கந்தகத்துக்கு வரம்பு கட்டியபோது, பேரேரிகளில் அப்போது ஓடிய நீராவிக் கப்பல்களுக்கு விலக்கு அளித்தது. அவற்றின் கொதிகலன்கள் எரிப்பது கனமான கசட்டெண்ணெய். விலை கூடிய மென்னெண்ணெய்க்கு மாறச் சொல்லியிருந்தால் பல கப்பல்களின் கணக்கு அன்றே முடிந்திருக்கும். 2012-இல் அதே முகமை எதிர்த்திசையில் ஒரு தூண்டிலும் போட்டது: நீராவியை விட்டு டீசலுக்கு மாறும் கப்பல், 2025 முடியும்வரை மலிவான கசட்டெண்ணெயையே எரிக்கலாம் என்றது. சில நிறுவனங்கள் அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தன. 1942-இல் போர்க்கால எண்ணெய்க் கப்பலாகப் பிறந்த 'லீ ஏ. டிரகர்தா' 2006-இல் டீசல் எந்திரம் பெற்றது. 1906-இல் பிறந்த 'செயின்ட் மேரிஸ் சேலஞ்சர்' என்ற சிமென்ட் கப்பலின் முடிவு வேறு மாதிரி. நூற்றாண்டைக் கடந்த அதன் கூட்டை வைத்துக்கொண்டு, எந்திரத்தையும் மாலுமிகளின் அறைகளையும் 2013–14 குளிர்காலத்தில் வெட்டியெடுத்து, இழுவைப்படகு தள்ளும் தெப்பமாக ஆக்கிவிட்டார்கள்.

சேலஞ்சரில் இருந்ததும் பேட்ஜரில் இருப்பதும் ஒரே வகை எந்திரம்: பென்சில்வேனியாவின் ஈரி நகரத்து ஸ்கின்னர் நிறுவனம் செய்த 'யூனாஃப்ளோ'. சாதாரண நீராவி எந்திரத்தில் நீராவி உருளையின் ஒரு முனையில் நுழைந்து அதே முனை வழியே வெளியேறும். சூடான நீராவியும் ஆறிய நீராவியும் ஒரே வழியில் போய்வருவதால் உருளைச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் சூடேறி ஆறும். அதில் வெப்பம் வீணாகும். யூனாஃப்ளோவில் நீராவி முனையில் நுழைந்து நடுவிலுள்ள துளைகளால் வெளியேறும், ஒரே திசை. முனை சூடாகவே இருக்கும். நீராவிப் பொறியியல் தன் கடைசிக் காலத்தில் எட்டிய நேர்த்தி இது. டீசல் வென்றுகொண்டிருந்த காலத்தில் எட்டியதால் உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இத்தனை நேர்த்தியும் பேட்ஜரைக் காப்பாற்றவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் லடிங்டனுக்கும் விஸ்கான்சினின் கெவானிக்கும் இடையே ரயில் பெட்டிகள் ஏற்றிய வேலை 1990-இல் நின்றபோது கப்பலும் நின்றது. 1992-இல் சுற்றுலாக் கப்பலாகத் திரும்பி வந்தபின்தான் அதற்கு மறுவாழ்வு. அதன் நிலக்கரிச் சாம்பல் பருவத்துக்கு 500 டன்னுக்கு மேல் நேராக ஏரியில் கொட்டப்பட்டு வந்தது. நீண்ட சர்ச்சைக்கும் 2013-இன் நீதிமன்ற உடன்பாட்டுக்கும் பின், 2015 பருவத்திலிருந்து சாம்பலைக் கப்பலிலேயே சேர்த்துக் கரையில் இறக்குகிறார்கள். பழமைக்காக அந்தச் சாம்பலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். என் கணிப்பில் அது மோசமான வாதம். சாம்பலைச் சேர்த்து வைக்க முடிந்தது என்பதே அதற்குப் பதில்.

சுற்றுலாதான் நீராவியின் கடைசிப் புகலிடம் என்பதை ஐரோப்பிய ஏரிகள் இன்னும் நன்றாகக் காட்டுகின்றன. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரியில் 'ஊரி' 1901-இலிருந்து, 'ஷில்லர்' 1906-இலிருந்து துடுப்புச்சக்கரம் சுழற்றுகின்றன. தளத்தின் நடுவே திறந்த பள்ளத்தில் தண்டுகள் ஏறி இறங்குவதைப் பார்க்கவே பயணிகள் கட்டணம் கட்டுகிறார்கள். எந்திரத்தின் திறமையின்மை அங்கே செலவு, ஆனால் அதன் காட்சிதான் வரவு. இதை மிகையென்று நினைப்பவர்களுக்கு ஜெனீவா ஏரியின் 'மான்ட்ரோ' கப்பலைச் சொல்ல வேண்டும். 1904-இல் பிறந்த அதன் நீராவியைப் பிற்காலத்தில் எடுத்துவிட்டு டீசல்-மின் எந்திரம் வைத்திருந்தார்கள். 2001-இல் அந்த டீசலைக் கழற்றி எறிந்துவிட்டு, வின்டர்தூரில் புதிதாகச் செய்த நீராவி எந்திரத்தைப் பொருத்தினார்கள். நூற்றாண்டை நெருங்கிய கூட்டில் இருபத்தோராம் நூற்றாண்டின் நீராவி. தண்ணீரின் உப்புக்கும் இந்த முடிவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

மிஞ்சியிருக்கும் கப்பல்களுக்கு இனி ஆபத்து எங்கிருந்து வரும்? வேதியியல் வாதம் பேசுபவர்கள் சிப்பிகளைக் காட்டுவார்கள். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்தபின் உள்ளே வந்த கடற்கப்பல்கள் தம் தொட்டி நீரோடு வரிக்குதிரைச் சிப்பியைக் கொண்டுவந்து சேர்த்தன. 1988-இல் அது செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று பேரேரிகளில் மூழ்கிய பழங்கப்பல்கள் மீது சிப்பிகள் அடை அடையாக ஒட்டி மறைத்திருக்கின்றன. மூழ்கிக் கிடப்பவற்றுக்கு அது பெருங்கேடு. ஓடும் கப்பலை உலர்துறையில் சுரண்டிவிடலாம். அதற்கு வரும் ஆபத்து கரையிலிருந்துதான்: நீராவிச் சான்றிதழ் பெற்ற பொறியாளர்கள் ஓய்வு பெறுகிறார்கள், உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் மூடிவிட்டன. 'ஸ்பார்ட்டன்' என்ற கப்பலைப் பார்த்தால் போதும். அது பேட்ஜரின் இரட்டைப் பிறவி; விஸ்கான்சினின் ஸ்டர்ஜன் பே நகரத்தில் அதே தளத்தில், அதே எஃகால், அதே 1952-இல் கட்டப்பட்டது. பேட்ஜர் 2016-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஸ்பார்ட்டன் 1979-லிருந்து லடிங்டன் துறையில், அதே நன்னீரில், கட்டிக்கிடக்கிறது. பேட்ஜருக்கு வேண்டிய பாகங்களை அதிலிருந்துதான் கழற்றியெடுக்கிறார்கள்.